வலித்தது முழங்கால், நோய் வேறிடம்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில், எங்கள் இளைய மகன் முதன்முறையாக முழங்கால் வலிக்கிறது என்றான். அப்போது அவனுக்கு வயது 12. பீடச் சிறுவர் குழுவில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. விடுமுறை முழுவதும் வெயிலென்று பாராமல் பந்தாடிய பிள்ளைக்குக் கால் வலிக்காமல் வேறென்ன செய்யும் என்று எண்ணி, தைலம் தடவிப் படுக்கச் செய்தோம். வலி போயிற்று, சில நாள் கழித்து வந்தது, மறுபடியும் போயிற்று. ஆடி மாதத்தில் அவன் நடையில் ஒரு சிறு சாய்வு தென்பட்டது. அதையும் கண்டோம், கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் எழுந்தேற்ற வேளை. மற்றச் சிறுவர்கள் மண்டியிட்டிருக்க, இவன் மட்டும் பீடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாகக் குனிந்து நின்றான். கோயிலே எங்களைப் பார்ப்பதுபோல் எங்களுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும், "ஆண்டவர் திருமுன் மண்டியிட முடியாதவனுக்குப் பந்தாட மட்டும் முடிகிறதோ?" என்று கேட்டுவிட்டோம். கேட்டவர் எங்களுள் ஒருவர். மற்றவர் வாய் திறவாமல் நின்றார். ஆகவே அச்சொல் இருவருக்கும் உரியதே. பிள்ளை பதில் பேசவில்லை. அந்த மௌனத்தை அன்று நாங்கள் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அதன்பின் எண்ணெயிட்டு நீவுபவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். நரம்பு பிசகியிருக்கிறது என்று சொல்லி மூன்று வாரம் நீவினார். பிறகு நகரத்து மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு, மூட்டு யாவும் செம்மையாக இருந்தன. வளரும் பிள்ளைக்கு வரும் வலி என்று கூறி அனுப்பினார். அவர் பார்த்த இடத்தில் நோய் இல்லை என்பது முற்றிலும் உண்மை. நோய் இருந்த இடத்தை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. இவ்வாறே நான்கு மாதங்கள் கழிந்தன.

அக்டோபர் மாதத்தில் காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதற்காக, அருட்சகோதரிகள் நடத்தும் சிறு மருந்தகத்துக்கு அவனை அழைத்துப் போனோம். அங்கிருந்த முதிய சகோதரி, அவன் உள்ளே நுழைந்த நடையைப் பார்த்ததும் காய்ச்சலை விட்டுவிட்டார். பெஞ்சியில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்புறமாகத் தள்ளினார். தொடை உட்பக்கம் திரும்பியதுதான் தாமதம், பிள்ளை "அம்மா" என்று அலறினான். மற்றக் காலில் அவ்வாறே செய்தபோது ஒன்றுமில்லை. "முழங்காலில் ஒன்றுமில்லை. இடுப்பைப் படம் எடுங்கள், இன்றைக்கே எடுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இடுப்பு மூட்டுக்குச் செல்லும் ஆப்டுரேட்டர் நரம்பின் கிளை முழங்காலுக்கும் செல்கிறது; ஆதலால் இடுப்பில் உண்டாகும் வலியை முழங்காலில் இருப்பதாக மனம் உணர்கிறது. குழந்தைகளிடம் இது மிகவும் சாதாரணம் என்பதைப் பின்னர் அறிந்தோம். அந்த இடுப்பில் இருப்பது கட்டியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை; காசநோயாக இருக்கலாம், பெர்த்தஸ் நோயாக இருக்கலாம், வளரும் எலும்பின் தலை நழுவியதாகவும் இருக்கலாம்.

மாலையில் படம் வந்தது. இடது தொடை எலும்பின் கழுத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும், புகை படிந்த கண்ணாடிபோல் மங்கலாக ஓர் இடம். படம் எடுத்த இளைஞர் எங்கள் முகத்தைப் பாராமலேயே உறையைக் கையில் கொடுத்தார்.

எங்களுக்கு ஏன் உயிரே போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்துப் பெரிய அத்தைக்கு 2012ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. ஏழாண்டுகள் நலமாக இருந்தார். 2019ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் மண்டியிட்டு எழும்போது அப்படியே சரிந்தார். வழுக்கி விழுந்து தொடை முறிந்தது என்றே ஊரார் எல்லோரும் கூறினர். மருத்துவரோ படத்தைக் காட்டி, "விழுந்ததால் முறியவில்லை, அம்மா, முறிந்ததால் விழுந்தார்" என்றார். புற்றுநோய் மார்பிலிருந்து தொடை எலும்பின் மேற்பகுதிக்குப் பரவி, சிறிய முண்டுக்கு அருகில் எலும்பை அரித்துவிட்டிருந்தது. மூன்று மாதமாகவே எழுந்து நிற்கும்போது தொடைச் சந்து வலிக்கிறது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். வயதானால் வலிக்கத்தானே செய்யும் என்று நாங்களும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். எலும்புக்குள் உலோகத் தண்டு பொருத்தினார்கள். கதிர்ச் சிகிச்சை அளித்தார்கள். மறு ஆண்டில் அத்தை ஆண்டவரிடம் சென்றார்.

அதே எலும்பு. ஏறக்குறைய அதே இடம். இப்போது அது எங்கள் பிள்ளையின் படத்தில்.

பெரிய மருத்துவமனை ஒன்றில், எலும்புக் கட்டிகளையே தனியாகப் பயின்ற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவரிடம் அத்தையின் கதையை முதலில் கொட்டித் தீர்த்தோம். பொறுமையாகக் கேட்டார். பின்பு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஓர் எலும்பை வரைந்தார். அந்தச் சீட்டு இன்றும் எங்கள் குடும்ப விவிலியத்துக்குள் இருக்கிறது.

தொடை எலும்பு உடலில் உள்ள எலும்புகள் யாவற்றினும் நீளமானது. அதன் மேல்முனையில் பந்து போன்ற தலை. அது இடுப்புக் குழிக்குள் அமர்ந்திருக்கிறது. தலைக்குக் கீழே சாய்வான கழுத்து. கழுத்து தண்டோடு சேருமிடத்தில் வெளிப்புறமாக ஒரு பெரிய முண்டு. உட்புறமாகச் சற்றுப் பின்தள்ளி ஒரு சிறிய முண்டு. பெரிய முண்டை நாம் கையால் தொட்டறியலாம். ஒருக்களித்துப் படுக்கையில் பாயில் அழுந்துவது அதுவே. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின்மேல் நம் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்குச் சுமை இறங்குகிறது. அவ்வளவும் அந்தச் சாய்ந்த கழுத்தின் வழியாகவே தண்டுக்குச் செல்ல வேண்டும். ஆகவே இங்கே உண்டாகும் சிறு பழுதும் பெரிதாகிறது. வேறோர் எலும்பில் தெரியாமலே கிடந்திருக்கக் கூடிய மாற்றம் இங்கே முறிவாய் வெளிப்படுகிறது.

"இந்த நான்கு விரற்கடை இடத்தில் எது எங்கே வரும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நான் வயதைக் கேட்பேன், பிறகு இடத்தைப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்ப்பேன்" என்றார் மருத்துவர்.

தலைப் பகுதியில், வளர்ச்சி முடியாத பருவத்தினருக்குக் குருத்தெலும்புச் செல்களால் ஆன கான்ட்ரோபிளாஸ்டோமா என்னும் கட்டி வரலாம். அது பெரிய முண்டிலும் வரும். தொலைவிலுள்ள முண்டில் அது வருவானேன் என்று கேட்டோம். அந்த முண்டும் தலையைப்போலவே தனக்கென ஒரு வளர்ச்சித் தட்டை வைத்துக்கொண்டு தனித்து எலும்பாகிப் பின்னர் தண்டோடு சேர்வது. ஆகையால் தலையில் வருவதெல்லாம் அங்கும் வரும் உரிமை உடையது என்றார். வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு, இருபது முதல் நாற்பது வயதுக்குள், அதே இடங்களில் ஜயன்ட் செல் கட்டியை நினைக்க வேண்டும். கழுத்தில், வளர்ச்சித் தட்டை ஒட்டி, சிறுவர்களுக்கு நீர் நிறைந்த எலும்புப் பை தோன்றும். இவ்வகைப் பை மிகுதியாகத் தோன்றுவது மேற்கை எலும்பின் மேல்முனையில். அதற்கு அடுத்த இடம் இதுவே. அது புற்று அன்று. உண்மையான கட்டியும் அன்று. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் நாம் அதிகம் அஞ்சும் ஆஸ்டியோசார்கோமா தொடை எலும்பின் கீழ்முனையில், முழங்காலருகேதான் பெரும்பாலும் வரும். மேல்முனையில் வருவது அதைவிடக் குறைவு. குறைவு என்றாரே தவிர, இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை நாங்கள் உடனே கவனித்தோம்.

சிறிய முண்டைப்பற்றி அவர் சொன்னது எங்கள் மனத்தில் தைத்தது. பதினான்கு வயதுப் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் பாயும்போது அந்த முண்டு தசையின் இழுப்பால் பிய்ந்துகொள்வதுண்டு, ஓய்வெடுத்தால் சேர்ந்துவிடும். அதே முண்டு, பெரிய அடி எதுவும் படாமல் ஐம்பது அறுபது வயதினருக்குப் பிய்ந்தால், வேறிடத்துப் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களின் எலும்பில் புதிதாய் ஒரு கேடு தோன்றினால், மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, ஆண்களானால் புராஸ்டேட் சுரப்பி இவற்றிலிருந்து வந்ததா என்பதே முதற் கேள்வி. நீண்ட எலும்புகளுள் அது அதிகமாக வந்து தங்குவது தொடை எலும்பின் மேற்பகுதியில்தான். முறியுமுன்பே தண்டு பொருத்துவதா என்பதை முடிவு செய்ய, 1989ஆம் ஆண்டில் மிரல்ஸ் என்பவர் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். வலி, அளவு, தன்மை இவற்றோடு இடத்துக்கும் அதில் மதிப்பெண் உண்டு; முண்டுகளைச் சுற்றிய இப்பகுதிக்கே மிக உயர்ந்த எண். அத்தையின் மூன்று மாத வலியை நினைத்துக்கொண்டு இருவரும் தலை குனிந்திருந்தோம். அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. "அது அவர்களுடைய எலும்பு, இது இவனுடைய எலும்பு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள்" என்றார்.

இங்கே வேடிக்கையான செய்தி ஒன்று. எங்களுள் ஒருவருக்கு முன்னொரு காலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எடுத்த இடுப்புப் படம் பரணில் கிடந்தது. அதை எடுத்துச் சன்னலருகே பிடித்துப் பார்த்தால், கழுத்தில் கறுப்பாக ஒரு முக்கோணம்! இரவெல்லாம் உறக்கமில்லை. மறுநாள் கேட்டபோது மருத்துவர் சிரித்தார். எலும்புக்குள் சுமையைத் தாங்கும் நுண்ணிழைகள் வீட்டு விட்டங்களைப்போல் வளைந்து செல்கின்றன. அவற்றுக்கு நடுவே இழைகள் குறைந்த இடைவெளி நலமுள்ள எல்லோருக்கும் உண்டு. 1838ஆம் ஆண்டில் அதை விவரித்தவரின் பெயரால் வார்டு முக்கோணம் என்கிறார்கள். அன்றுமுதல் எங்கள் வீட்டில் சன்னலருகே படம் பார்ப்பது தடை செய்யப்பட்டது.

எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் பழுப்பு நிறத் திட்டுகள் உண்டா என்றும் தேடினார்கள். காலில் நோய் இருக்க முதுகில் ஏன் தேடுகிறார்கள் என்று அப்போது விளங்கவில்லை. அக்டோபர் 26ஆம் நாள், திசுச் சோதனைக்காக எலும்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்தார்கள். பின்னர் அறுவை செய்யப் போகும் மருத்துவரே அந்த ஊசியின் வழியையும் தீர்மானிக்க வேண்டும்; கண்ட இடத்தில் குத்தினால், அது தீய கட்டியாக இருக்குமாயின், செல்கள் நல்ல தசையிலும் பரவக்கூடும் என்று விளக்கினார். முடிவு வர ஏன் இத்தனை நாள் என்று கேட்டோம். எலும்புத் துணுக்கை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கினால்தான் மெல்லிய சீவலாய் வெட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க முடியுமாம்.

ஒன்பது நாட்கள் காத்திருந்தோம். நவநாள் என்று நாங்கள் திட்டமிடவில்லை, அப்படி அமைந்தது. மருந்தகத்துச் சகோதரி, புனித பெரகிரினிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார். இத்தாலியில் ஃபோர்லி நகரைச் சேர்ந்த அத்துறவியின் கால் புண்ணால் அழுக, மறுநாள் காலை வெட்டுவதாய் இருந்த இரவில் சிலுவையின்முன் விழித்திருந்து நலம் பெற்றார் என்பது வரலாறு. 1726ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது; புற்றுநோயாளரின் பாதுகாவலர் அவர். அந்த ஒன்பது நாளும் நாங்கள் நன்றாகச் செபித்தோம் என்று சொன்னால் பொய்யாகும். செபமாலை கையில் ஓடியது. மனம் படத்திலேயே நின்றது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் அத்தையின் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றியபோது, பக்கத்தில் காலியாய்க் கிடந்த நிலத்தைப் பார்க்காமல் இருக்கப் பெருமுயற்சி செய்தோம். பிள்ளை ஊன்றுகோல்களோடு எங்களுக்குப் பின்னால் நின்றான். "அப்பா, நான் அன்றைக்கு வேண்டுமென்று மண்டியிடாமல் இல்லை" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவன் மறக்கவேயில்லை. கல்லறைகளுக்கு நடுவே நின்று எங்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம்.

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார். இரவில் மட்டும் தொடை வலி. ஆஸ்பிரின் போட்டால் மாயமாய் மறைந்துவிடும். ஈராண்டு முதுகுக்கும் முழங்காலுக்கும் வைத்தியம் பார்த்திருக்கிறார். கழுத்துப் பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கரு. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று பெயர். அது தங்குவதற்கு மிகவும் விரும்பும் இடமும் இதுவே. சி.டி. படத்தின் துணைகொண்டு ஊசியைச் செலுத்தி, அதன் நுனியின் வெப்பத்தால் கருவைச் சுட்டார்கள். மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது எங்கள் பிள்ளைக்குத் தம் கதைப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 4ஆம் நாள் முடிவு வந்தது. புற்று அன்று. ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா: எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நாரும் முதிராத எலும்பும் கலந்து உண்டாவது. கட்டியைப்போல் தோன்றுமேயன்றி, தீய கட்டியாக மாறுவது மிக அரிது. கதிர்ச் சிகிச்சை அதற்கு ஆகாது. சிலருக்குப் பல எலும்புகளில் வரும். தோலில் பழுப்புத் திட்டுகளும் சுரப்பிக் கோளாறுகளும் சேர்ந்து வரும். முதுகில் தேடியதன் காரணம் இதுவே. எங்கள் மகனுக்கு ஸ்கேன் முழுவதிலும் அந்த ஓர் எலும்பு மட்டுந்தான். ஆனால் மென்மையான அந்த எலும்பு சுமையால் மெல்ல மெல்ல வளைந்து, மேய்ப்பனின் கோல்போல் ஆகிவிடலாம் என்றார் மருத்துவர். அவர்கள் நூல்களிலும் அதற்கு அதுவே பெயராம்.

உறவினர் ஒருவர் வீடு தேடி வந்து, யார் செய்த பாவமோ பிள்ளையின் காலில் வந்து நிற்கிறது என்று பெருமூச்செறிந்தார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட அதே கேள்வி. யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் அளித்த மறுமொழியை நாம் எல்லோரும் அறிவோம். அறிந்தும் அன்றிரவு எங்களுக்கு அந்தப் பேச்சு நெஞ்சை அறுத்தது. மறுநாள் மருத்துவரிடம் மறைக்காமல் கேட்டோம். 1991ஆம் ஆண்டில் அதன் மூலத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். கருவுற்ற பின்னர், கருவின் ஏதோ ஒரு செல்லில், ஒரு மரபணுவில் தற்செயலாய் நேரும் மாற்றம் அது. தந்தையிடமிருந்தும் வருவதில்லை, தாயிடமிருந்தும் வருவதில்லை, இவன் பிள்ளைகளுக்கும் போகாது. தாய் உண்டதும் உண்ணாததும் காரணமில்லை. எங்களுள் ஒருவர் அங்கேயே அழுதார்.

நீவியதால் ஏதேனும் கெட்டுவிட்டதா என்றும் கேட்டோம். "முறியாமல் தப்பித்தான்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் அறுவை நடந்தது. சுரண்டி எடுத்துவிட்டு இடுப்பிலிருந்து எலும்புத் துகள் வைத்தால், இந்நோயில் அதுவும் நாளடைவில் அதே நார்த்திசுவாகவே மாறிவிடுமாம். ஆகவே உலோகத் தண்டையும் கழுத்தினூடே செல்லும் திருகையும் பொருத்தித் தாங்கினார்கள். கிறிஸ்மஸ் இரவுத் திருப்பலிக்குச் சக்கர நாற்காலியில் வந்தான். அடுத்த ஆண்டு பாஸ்காவுக்கு நடந்து வந்தான். சிறு சாய்வு இன்னும் உண்டு. பந்தாட்டம் இல்லை, கேரம் உண்டு, அதில் எங்களை ஏய்க்கிறான்.

2024ஆம் ஆண்டு மே மாதம் உறுதிபூசுதல் வழங்க ஆயர் எங்கள் பங்குக்கு வந்தார். ஆயரின் கோலைப் பிடிக்கும் பணி எங்கள் மகனுக்குக் கிடைத்தது. திருப்பலி முழுவதும் அதன் வளைவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றதை நாங்கள் கீழிருந்து கவனித்தோம். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, டாக்டர் சொன்ன கோல் இதுதானே? என் எலும்பு இவ்வளவு வளையவில்லை" என்றான். தடையை மீறிப் படத்தைச் சன்னலில் ஒட்டி, கணிதப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, கழுத்துக்கும் தண்டுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்தான். 130 பாகையளவில் இருக்க வேண்டியது 118 இருந்தது. உறையின் மூலையில் பென்சிலால் நாளையும் எண்ணையும் குறித்தான். அதற்கு மேலே, சென்ற ஆண்டின் நாளிட்டு, அவன் கையெழுத்திலேயே இன்னோர் எண் இருந்தது. அதுவும் 118.